வெள்ளைத்தாடிக்குக் குரல் கொடுத்த கூலி

தண்ணீரூற்று நாஸிம் குகதாசருக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கடன். தொண்ணூறாம் ஆண்டுக் கடன். சீனப்படத்துக்குத் தமிழ் சொன்ன கூலி.

மாங்குளம் சந்தியில் இந்தக் கடனை அறியாத ஆள் கிடையாது. குகதாசரின் தண்ணிப்பம்புக் கடைக்கு ஒரு வோஷர் வாங்க வந்தவனும் அதைக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். ஒரு கையால் நட்டை இறுக்கிக்கொண்டே ஆள் கதையைத் தொடங்கிவிடுவார். மற்றவர்கள் பூச்சியத்திலிருந்து தொடங்கினார்களாம். அவர் பூச்சியத்துக்கும் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கீழேயிருந்து தொடங்கியவராம். அப்பன் எழுதிவைத்த காணி இல்லை, மாமன் தூக்கிவிட்ட கை இல்லை, ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசல் இல்லை. முதன்முதல் உழைத்த கூலியையும் ஒருவன் கொடாமல் போனான். அப்படியிருந்தும் பார், என்று கையை விரித்துக் கடையைக் காட்டுவார்.

சும்மா சொல்லக்கூடாது, காட்டுவதற்கு அவரிடம் இருந்தது. முள்ளிவாய்க்காலால் வெளியே வந்தபோது உடுத்த சாரமும் மடியில் ஒரு ஸ்பானரும்தான் மிச்சம். முகாமால் விட்ட பிறகு மாங்குளத்தில் தறப்பாளின் கீழே குந்தியிருந்து ஊரவரின் பம்புகளைத் திருத்தியவர், பதினைந்து வருசத்தில் றோட்டுக்கரையில் மாபிள் போட்ட வீடும், கடையும், வயலும், இரண்டு உழவு இயந்திரமும் என்று நிமிர்ந்துவிட்டார். மகள் கனடாவில். இப்படி நிமிர்ந்த ஆளுக்குக் கொஞ்சம் நெஞ்சு தூக்கித்தான் இருக்கும். உழைத்தவன் சொல்லாமல் படுத்துக் கிடந்தவனா சொல்லுவான்?

சீனப்படம் சொல்லுவது என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது.

தொண்ணூறாம் ஆண்டு பங்குனியில் இந்திய ஆமி கப்பலேறியது. அடுத்த சண்டை ஆனியில் வெடித்தது. இடையில் சனம் மூச்சு விட்ட அந்தக் கொஞ்சக் காலத்தில்தான் நாஸிம் தண்ணீரூற்றில் ஒரு கிடுகுக் கொட்டில் போட்டு, ரீவியும் கசெற் ஓட்டும் டெக்கும் ஜெனரேற்றரும் வைத்துப் படம் காட்டத் தொடங்கினார். தமிழ்ப்படக் கசெற்றுக்கு வாடகை கூட. நாஸிமின் மைத்துனர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்தார். அவர் ஒரு பெட்டி நிறையச் சீனக் கசெற் அனுப்பியிருந்தார். ஒரே கதை, பதினாலு கசெற். வாள்காரர்கள் கூரைக்குக் கூரை பறப்பார்கள், மூங்கில் நுனியில் நின்று சண்டை பிடிப்பார்கள், தேத்தண்ணிக் கோப்பையை எறிந்து ஆளைக் கொல்லுவார்கள். சீனாவில் தடித்த புத்தகமாக வந்து, சனம் அடிபட்டு வாசித்து, பிறகு படமாக எடுத்த கதையாம். கீழே ஒரு எழுத்தும் ஓடாது. ஓடினாலும் இங்கே வாசிக்க ஆள் இல்லை.

முதல் நாள் வாள்ச்சண்டை நடக்கும்வரை சனம் அசையாமல் இருந்தது. சண்டை முடிந்து சீனர்கள் இருந்து கதைக்கத் தொடங்கியதும் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். நாஸிம் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். அப்போதுதான் அவருக்குக் குகனின் ஞாபகம் வந்தது.

குகதாசர் அந்த நாளில் வெறும் குகன். முள்ளியவளையில் விறகு வண்டில் ஓட்டிக்கொண்டு, வற்றாப்பளைக் கோயிலடியில் கூத்து நடந்தால் வேசம் கட்டுவார். குரல் என்றால் அது குரல். மைக் இல்லாமலே நந்திக்கடலுக்கு அங்காலே இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். ராசாவுக்கும் பேசுவார், ராசாத்திக்கும் பேசுவார், கட்டியக்காரனுக்கும் பேசுவார். நாஸிம் வீடு தேடி வந்து, காட்சிக்கு ஐம்பது ரூபாய் தருவதாகச் சொல்லி, சீனனுக்குத் தமிழ் பேசக் கேட்டார். தனக்குச் சீனம் தெரியாது என்று குகன் சொல்லவில்லை. பேசுவேன் என்றுதான் சொன்னார். இப்படிப்பட்டவன்தான் உலகத்தில் பிழைப்பான்.

பேசுகிறவனின் வாயைச் சனம் கண்டால் படம் கெட்டுப்போகும் என்பது நாஸிமின் எண்ணம். ஆகவே ரீவிக்குப் பக்கத்தில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் மைக்கோடு குகனை இருத்தினார். அங்கேயிருந்தால் படம் தெரியாது. அதற்கு நாஸிம் ஒரு வழி கண்டுபிடித்தார். சலூனிலிருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கிவந்து, எதிர்க் கப்புத்தூணில் சரித்துக் கட்டினார். கண்ணாடியில் விழுந்த படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் குகன் சீனர்களுக்கெல்லாம் தமிழ் பேசினார். கண்ணாடியில் எல்லாம் இடம் வலம் மாறித்தான் தெரியும். அதனால் வந்த வினையைப் பிறகு சொல்லுகிறேன்.

கதையை அவர் விளங்கிக்கொண்டது இப்படி. ஒரு வீரனை யாரோ கொன்று அவனுடைய வாளைக் கொண்டுபோய்விட்டார்கள். அவனுடைய பச்சைப்பிள்ளையை மலையில் இருக்கும் வெள்ளைத்தாடிக்காரர் ஒருவர் எடுத்து வளர்த்து வித்தை பழக்குகிறார். அவருக்குக் குகன் வைத்த பெயர் பெரியகுரு. பிள்ளைக்குச் சின்னத்தம்பி. மூங்கில் தொப்பியும் கறுத்த உடுப்புமாக ஒருவன் சின்னத்தம்பியின் பின்னாலேயே திரிவான். அவன் கறுப்பன். கறுப்பன்தான் கொலைகாரன் என்று முதல் கசெற்றிலேயே குகன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவருக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் நல்ல வேசத்தைச் சபைக்கு வலப்பக்கத்தால்தான் விடுவார், கெட்டதை இடப்பக்கத்தால். கண்ணாடியில் வெள்ளைத்தாடி வலப்பக்கத்தால் வந்தார். வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

சனம் வந்தது. முள்ளியவளையால் வந்தது, வற்றாப்பளையால் வந்தது, வைகாசிப் பொங்கலுக்கு வந்த வெளியூர்ச் சனமும் கொட்டிலுக்குள் இடியப்பமாகச் சிக்கி நின்று பார்த்தது. வண்டிலில் வந்த கிழவிகள் கறுப்பனைக் கண்டதும் மண்ணள்ளித் திட்டினார்கள். ஒன்பதாவது கசெற்றில் கறுப்பன் சின்னத்தம்பியின் காலில் விழுந்து அழுகிறான். கொலைகாரன் ஏன் அழவேண்டும் என்று நாஸிமுக்கே குழப்பம். கதை எங்கோ பிழைத்துவிட்டது போலிருக்கிறதே என்று குகனைக் கேட்டார்.

"பிழைக்கேல்லை நானா. அவன் நடிக்கிறான். சீனாக்காரனுக்கு நடிப்பு நல்லாய் வரும்" என்றார் குகன்.

கடைசிக் கசெற்றில் சின்னத்தம்பி பெரியகுருவையே கழுத்தில் வாளால் குத்துகிறான். எந்தப் பேச்சுக்காரனும் அதோடு மூட்டையைக் கட்டியிருப்பான். குகன் அசரவில்லை. கறுப்பன் செய்த சூனியத்தால் பிள்ளைக்கு மதி மயங்கிவிட்டது என்றார். சாகும் தாடிக்காரரின் வாய் திறந்து மூட, அந்த வாய்க்குள் தன் சொந்த வசனத்தை வைத்தார். கடைசி வித்தையை உனக்குக் கடன் வைத்திருந்தேன், அதை இன்றைக்கு என் கழுத்தில் தந்துவிட்டேன் என்று தொடங்கி, இப்படி முடித்தார்:

"குடுக்கவேண்டியதைக் குடுக்காமல் கண்ணை மூடுறவன்ர கண் மூடாது, மகனே."

கொட்டில் முழுக்க அழுதது. அழுதவர்களில் ஒருத்தி அமராவதி. அடுத்த ஆவணியில் குகனைக் கட்டியவள் அவள்தான்.

அந்த இரண்டு மூன்று மாதத்தில் பேசிய காட்சிகளுக்கு நாஸிம் அவ்வப்போது கையில் கொஞ்சம் கொடுத்தார். மிச்சம் ஆயிரத்து எண்ணூறு. அந்த நாளில் அந்தக் காசுக்கு ஒரு நல்ல நாம்பன் மாடு வாங்கலாம். ஆனியில் சண்டை தொடங்கியதும் படம் நின்றது. நிலைமை சரிவரட்டும், தருகிறேன் என்றார் நாஸிம். நிலைமை சரிவரவில்லை. அந்த ஐப்பசியில் இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்னது. பிறந்து வளர்ந்த சனம் கையில் அகப்பட்டதோடு கண்ணீரும் கம்பலையுமாகப் புத்தளம் பக்கம் போனது. நாஸிம் போகும்போது மனைவி லதீபாவும் இடுப்பில் ஒரு குழந்தையும் கூட. குகனின் வீட்டு வாசலில் நின்று சாமான்களை உள்ளே வைத்துப் பூட்டிய கொட்டிலின் திறப்பைக் கையில் வைத்தார். பார்த்துக்கொள் என்றார். காசைப்பற்றி அந்த நேரத்தில் யார் கதைப்பார்கள்?

குகன் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நாள்தான். விட்டுவிட்டுப் போன வீடுகளின் கதவையும் ஓட்டையும் மற்றவர்கள் கழற்றிக்கொண்டு போவதை அவர் கண்ணால் கண்டார். மற்றவன் எடுப்பதற்கு முதல் நான் எடுத்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. கூலி பாக்கி இருக்கிறதுதானே என்று அந்த யோசனைக்கு ஒரு முண்டு கொடுத்தார். இருட்டிவரும் ஒரு மைமல் பொழுதில் டெக்கைச் சாக்கில் சுற்றி வண்டிலில் ஏற்றினார். வவுனியாவுக்குச் சாமான் கொண்டுபோய் விற்கும் ஒருவனிடம் ஏழாயிரத்துக்குக் கொடுத்தார். அந்தக் காசில் வாங்கியதுதான் அவருடைய முதலாவது தண்ணிப்பம்பு. தோட்டக்காரருக்கு அதை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார். ஒரு பம்பு மூன்றாகியது. குகன் குகதாசரானார்.

ஏழாயிரத்திலிருந்து ஆயிரத்து எண்ணூறைக் கழிக்க அவருக்குத் தெரியாமலில்லை. சதக் கணக்கு விடாத ஆள் அவர். ஆனால் இந்தக் கழித்தலை மட்டும் ஒரு நாளும் செய்து பார்க்கவில்லை. இறுதிச் சண்டையில் பம்புகளும் வீடும் போனபோது அந்தக் கணக்கும் அதோடு போய்விட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். தனக்கு வரவேண்டியது மட்டும் போகவில்லை. அது குண்டு விழுந்தும் சாகாமல் கிடந்தது. டெக்கின் கதை அமராவதிக்குத் தெரியும். வேறு ஒரு சீவனுக்கும் தெரியாது என்றுதான் அவர் இருந்தார்.

சண்டை முடிந்து இரண்டு மூன்று வருசத்தில் நாஸிம் தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்தார். கொட்டில் இருந்த இடத்தில் காடு. அதை வெட்டி, சைக்கிள் சாமான் விற்க ஒரு பெட்டிக்கடை போட்டார். வந்த கையோடு மாங்குளத்துக்கு ஆள் அனுப்பினார்: கணக்கு ஒன்று இருக்கிறது, குகனை ஒருக்கால் வரச்சொல்லுங்கள்.

குகதாசர் போகவில்லை. கணக்கு என்றால் எந்தக் கணக்கு? அன்று இரவுச் சாப்பாட்டையும் தொடவில்லை. விடிந்தவுடன் சந்தியில் போய், கடன் பட்டவன் மலையேறி வரவேண்டும், கொடுத்தவன் இறங்கிப் போகிறதில்லை, சீனப்படத்திலும் அதுதான் நீதி என்று முழங்கினார். சனம் சிரித்து ஒப்புக்கொண்டது. நாஸிம் வாதத்தில் ஒரு கால் இழுபட்டு, பஸ் ஏற முடியாமல் இருந்தார் என்பதை யாரும் சொல்லவும் இல்லை, குகதாசர் கேட்கவும் இல்லை.

போன வருசம் கனடா மகள் தாய்க்கு ஒரு பெரிய போன் அனுப்பினாள். அமராவதி குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டே அதில் தொடர் பார்ப்பாள். சீனத்தொடர், இப்போது முழுக்கத் தமிழ் பேசி வருகிறது. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, நாஸிம் நானாவின்ர கொட்டிலிலை நீங்கள் சொன்ன கதை. அதைத் திரும்ப எடுத்திருக்கிறாங்கள். புது ஆக்கள், அதே கதை."

குகதாசருக்கு முகம் மலர்ந்தது. பெரியகுருவுக்கு யார் குரல் கொடுத்திருக்கிறான், என் அளவுக்கு வராதே என்றார்.

"உங்கட பெரியகுருதான் கொலைகாரன்" என்றாள் அமராவதி. "பொடியன்ர தேப்பனைக் கொலை செய்துபோட்டு வாளைக் களவெடுத்தது அவர்தான். களவெடுத்ததை மறைச்சு வைச்சுக்கொண்டு, பொடியனுக்கு வேற ஆளைக் காட்டிப் பழி வாங்கச் சொல்லிக் குடுத்தவர். கறுப்பன் தேப்பன்ர சினேகிதனாம். உண்மையைச் சொல்லத்தான் பின்னாலை திரிஞ்சவன். ஊர் முழுக்க அவனைப் பேசிப்போட்டம். பாவம்."

சோறு குழைத்த கை நின்றது. தாடிக்காரர் சாகும்போது என்ன சொல்லுகிறார் என்று கேட்டார்.

"ஒண்டும் சொல்லேல்லை. சொல்ல வாயைத் திறந்தவர். சொல்லாமலே செத்திட்டார்."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அந்தப் பார்வைக்குத் தப்பி அவர் சோற்றுக் கோப்பையைக் கையிலெடுத்துக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் இருந்து சாப்பிட்டார். தமிழ் பேசுகிறவர்கள் கதையை மாற்றிவிட்டார்கள் என்றும், மூலக்கதையில் குரு நல்லவர்தான் என்றும் அன்று மாலையே சந்தியில் அடித்துச் சொன்னார். தோல்வியை ஒப்புக்கொள்கிற ஆளாக இருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டார்.

இந்தத் தையில் நாஸிம் இறந்துபோனார்.

செய்தியைக் கொண்டுவந்தது தேத்தண்ணிக்கடைச் செல்வநாயகம். அவரும் முள்ளியவளை ஆள், குகதாசரோடு ஒன்றாகக் கூத்தாடியவர், ஊரில் குகதாசரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஆள். அடக்கத்துக்குப் போய் வந்தவர், தன் கடையில் குகதாசரோடு ஏழெட்டுப் பேர் இருக்கும்போதே சொன்னார். முஸ்லிம் ஆட்களுடைய வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் இறந்தால் அடக்குவதற்கு முதல் அவருடைய பிள்ளை சனத்துக்கு முன்னால் நின்று, என் தகப்பன் யாருக்காவது கொடுக்கவேண்டியிருந்தால் வந்து என்னிடம் கேளுங்கள், நான் தருவேன் என்று அறிவிக்க வேண்டும். கடனோடு ஆளை மண்ணுக்குள் விடக்கூடாது. நாஸிமின் மகன் அன்ஸார் பள்ளிவாசல் முற்றத்தில் அப்படி அறிவித்திருந்தான்.

கடையில் இருந்த எல்லோரும் குகதாசரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் ஆள் வாயைத் திறந்து, செத்தவனிடம் என்ன கடன், விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பெருந்தன்மை என்று ஊர் மெச்சியிருக்கும். அந்த யோசனை அவருக்கும் வந்தது. ஆனால் அது வருவதற்கு முதல் முப்பத்துநாலு வருசப் பழக்கம் முந்திவிட்டது. வேணும்தானே, ஆயிரத்து எண்ணூறு எல்லோ, என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நாட்கள் போயின. குகதாசர் போகவில்லை. அறுவடை என்றார், மழை என்றார், முழங்கால் என்றார். வோஷர் வாங்க வந்தவர்கள் இப்போது அவர் தொடங்குவதற்கு முதலே கேட்டார்கள்: காசு வாங்கியாச்சோ? கடைசியில் செல்வநாயகமே பம்புக் கடைக்கு வந்தார்.

"என்ன குகன், இவ்வளவு காலமும் எங்களுக்கு அளந்தது எல்லாம் சீனப்படமோ?"

"வாயைக் கழுவிப்போட்டுக் கதை."

"அப்ப போ. அந்தப் பொடியன் சபையிலை வைச்சு வரச்சொல்லிப்போட்டான். நீ போகாட்டி, ஒண்டு கடன் பொய், இல்லாட்டி உனக்கு அங்கை போகப் பயம். சனம் இரண்டையும் கதைக்குது."

பயம் என்ற சொல் குகதாசரைக் குத்தியது. அங்கே போனால் என்ன நடக்கும் என்பதைப் படுக்கையில் கிடந்து அவர் பலமுறை பார்த்துவிட்டார். திறப்பைக் கையில் தந்தோமே, உள்ளே இருந்த டெக் எங்கே என்று லதீபா கேட்பாள். கேட்டால் அவர் கட்டிய மாளிகையின் அத்திவாரத்தில் ஒரு களவுச் சாமான் கிடப்பது வெளியே வரும். போகாவிட்டால் அவர் பொய்யர். இவ்வளவு காலமும் தான் சொன்ன கதைதான் இப்போது அவரை முள்ளில் சிக்கிய சேலையாக இழுத்தது. கேட்டால் எனக்குத் தெரியாது, ஆர் எடுத்தாங்களோ என்று சொல்லுவதென்று முடிவெடுத்தார். அந்த வசனத்தைக் குளிக்கும்போது இரண்டு முறை சொல்லியும் பார்த்தார். குரல் நன்றாகத்தான் வந்தது.

செல்வநாயகத்தைச் சாட்சிக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஒட்டுசுட்டான் தாண்டும்போது பின்னாலிருந்த செல்வநாயகம், போய் வருகிற பெற்றோலுக்கும் சாப்பாட்டுக்குமே அரைவாசி போய்விடும், அவர்களிடம் வட்டியும் ஆகாது என்று பகிடி விட்டார். குகதாசர் சிரிக்கவில்லை.

வீட்டுத்திட்டத்து வீடு. மேற்பூச்சு இல்லை. முன் அறையில் சைக்கிள் ரயர்கள் தொங்கின. அன்ஸார், அன்று இடுப்பில் போன குழந்தை, இப்போது முப்பத்தைந்து தாண்டிய மனிதன், தகப்பனைப்போலவே நெடியவன். வாங்கோ ஐயா என்று இரண்டு கதிரை போட்டான். லதீபா முன்னால் வரவில்லை. கணவன் இறந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியாண்களின் முகம் பார்க்காமல் இத்தா இருக்கவேண்டும். உள்வாசலில் ஒரு பூப்போட்ட திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் கதிரை அரைபட்டது.

"குகதாசண்ணையோ?" என்றது குரல். "இருமினதிலையே தெரிஞ்சது. உங்கட குரல் மாறேல்லை."

செல்வநாயகம் துக்கம் விசாரித்தார். குகதாசருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. திரைக்குப் பின்னால் இருந்து பேசுவதுதான் அவருக்குப் பழக்கம். முன்னால் இருந்து கேட்டுப் பழக்கமில்லை.

"நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை அண்ணை" என்றாள் லதீபா. "ஆயிரத்து எண்ணூறு. அவர் மௌத்தாகிறதுக்கு முந்தின கிழமையும் சொன்னவர். குடுக்கவேண்டியதைக் குடுக்காமல் கண்ணை மூடுறவன்ர கண் மூடாது எண்டு நீங்கள்தானே அந்த வெள்ளைத்தாடிக்குச் சொல்லிக் குடுத்தனீங்கள். அதைச் சொல்லிச் சொல்லித்தான் கிடந்தவர். கதையைக் குகன் பிழையாய்ச் சொன்னாலும் இந்த வசனத்தைச் சரியாய்ச் சொன்னவன் எண்டு சிரிப்பார்."

குகதாசர் தொண்டையைச் செருமினார். குளிக்கும்போது பழகிய வசனம் நாக்கு நுனியில் ஆயத்தமாக நின்றது. அவள் கேட்கட்டும் என்று காத்திருந்தார்.

"திரும்பி வந்த உடனை உங்களை வரச்சொல்லி ஆள் விட்டவர். வந்திருந்தால் அப்பவே தந்திருப்பார். ஏன் வரேல்லை எண்டு அவருக்கு விளங்கவேயில்லை. எனக்கு விளங்கினது."

செல்வநாயகம் மெல்லத் திரும்பி நண்பனின் முகத்தைப் பார்த்தார்.

"நாங்கள் புத்தளத்திலை ஓலைக்கொட்டிலிலை இருக்கேக்கை அவர் சாமான் எடுக்க வவுனியாவுக்குப் போனவர். அங்கை ஒரு கடையிலை தன்ர டெக்கைக் கண்டவர். அடியிலை ஊசியாலை பேர் கீறியிருந்தது. கொண்டுவந்து வித்தவனிட்டைக் கேட்க, ஆரிட்டை வாங்கினது எண்டு சொல்லிப்போட்டான்." குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை. "அண்டைக்கு எங்கட வீட்டிலை அடுப்பு எரியேல்லை. நான் சாபம் போட வாயெடுத்தனான். வேண்டாம், குகனுக்கும் பசிச்சிருக்கும் எண்டு என்ர வாயைப் பொத்தினவர். அண்டைக்கே அதை உங்களுக்கு ஹலாலாக்கிப் போட்டார். மறுமையிலையும் கேக்கமாட்டார். நானும் கேக்கேல்லை."

ஆர் எடுத்தாங்களோ என்ற வசனம் நாக்கில் கிடந்து காய்ந்துபோனது. கேள்வி வந்தால்தானே மறுமொழி சொல்லலாம்? இங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முற்றத்தில் ஒரு கோழி சீய்த்துக்கொண்டு நின்றது. செல்வநாயகம் இப்போது நண்பனைப் பார்க்கவில்லை, கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்திக்குத் திரும்பிப் போனதும் அவர் சொல்லப்போகும் கதையை எந்தக் குரலாலும் மறைக்க முடியாது.

குகதாசர் எழும்பினார். காசு வேண்டாம் தங்கச்சி என்றார். நந்திக்கடலுக்கு அங்காலே கேட்ட குரல் அந்த அறையின் பாதிக்குத்தான் போனது.

"வாங்காமல் போகாதேங்கோ" என்றாள் லதீபா. "டெக் வேற, கூலி வேற. கூலிக்காரன்ர வேர்வை காயிறதுக்கு முன்னம் குடுக்கோணும் எண்டுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கு. காய்ஞ்சு முப்பத்துநாலு வரியம். நீங்கள் வாங்காட்டி அவர் கபுறிலை அந்தப் பாரத்தோடை கிடப்பார். அதையும் அவருக்குச் செய்யாதேங்கோ அண்ணை. மகன், குடு."

அன்ஸார் மேசை லாச்சியை இழுத்தான். வியாபாரக் காசு, கசங்கியிருந்தது. மேசைமேல் வைத்து ஒவ்வொரு தாளாக நீவினான். இன்றைக்கு ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கும் காணாத காசு. குகதாசர் ஏதோ சொல்லப்போவதுபோல வாயைத் திறந்தார். திரைக்குப் பின்னால் லதீபா காத்திருந்தாள். அன்ஸாரும் காத்திருந்தான். திறந்த வாய் மெல்ல மூடிக்கொண்டது.

"கையை நீட்டுங்கோ ஐயா" என்றான் அன்ஸார்.

பம்பு கழற்றிக் கழற்றிக் காய்த்துப்போன வலதுகை தானாக நீண்டது. பிச்சைக்கு நீளாத கை என்று அவர் ஊரெல்லாம் காட்டிய அதே கைதான். அன்ஸார் உம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாக எண்ணி எண்ணி அதில் வைத்தான். ஐந்நூறு. ஆயிரம். ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரத்து அறுநூறு. ஆயிரத்து எழுநூறு.

ஆயிரத்து எண்ணூறு.